அக்கரையில் நிற்கச் சொன்ன நாள்

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் 1938ஆம் ஆண்டு வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கைக்கு வந்தது. கிழமையைத் தயங்காமல் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. கலியாணமான வருடம் முதல், ஆண்டுதோறும் ஒரு பஞ்சாங்கம் வாங்கி, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவது என் வழக்கம். மழை பெய்ததா, யார் வந்து போனார்கள், எத்தனை மரைக்கால் நெல் அவித்தோம், எந்தப் புத்தகத்தை முடித்தேன் என்று ஏதாவது ஒன்று. அந்த வியாழனுக்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: "பத்திரம் வந்தது. வருடம் பிழை."

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். நெல்லை அவித்து, காயவைத்து, குற்றி, அரிசியாக்கி கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு ஓடத்தில் அனுப்புவோம். அதுதான் பிழைப்பு. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். என் கணவர் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தபோது பாம்பு தீண்டி இறந்தார். அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம். மார்கழி வெள்ளத்தில், ஓடம் ஓடாத ஒரு நாளில், எனக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஒரு பகல் இருந்துவிட்டுப் போனது. அதற்குப் பெயர் வைக்கவும் இல்லை, பதியவும் இல்லை.

எழுவான்கரையில் படித்துப் பட்டம் வாங்கிய அரசாங்க மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். நாங்கள் ஆறு என்று சொல்லும் அந்த வாவிக்கு இந்தப் பக்கம் அப்படி எவரும் இல்லை. அந்த வருடம் முழுவதும் நான் வேறெதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. தபால் கந்தோரில் பழைய பத்திரிகைகளை இரவல் வாங்கி வாசிப்பேன். அதில் ஒரு நாள் அறிவித்தலைக் கண்டேன். கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சி. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். வயது முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கதைப்புத்தகமும் சரித்திரமும் புராணமும் கிடைத்தபடி வாசித்திருந்தேனே தவிர, பின்னக் கணக்கு மறந்து போயிருந்தது. நெல் அவிக்கும் தாழிக்கு முன்னால் குந்தியிருந்து இரண்டு வருடம் படித்தேன். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் என்னை ஏதோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்து வெளியே போய் நிற்கச் சொன்னார். "எழுத வந்தது நான்தான்" என்றேன். அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பட்டியலைப் பார்த்தார். சிறுபிள்ளைகளுக்கான அந்த வாங்குப் பலகையில் மூன்று மணித்தியாலம் என் முழங்கால் மேசையில் இடித்தபடியே இருந்தது. பரீட்சையில் சித்தியடைந்தேன்.

செய்தி கேட்டு அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, வீட்டுக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, வெள்ளாமைக் குடியில பிறந்தவள் ஊராக்கள்ட தொப்புள்கொடி அறுக்கப் போறாளாம் எண்டு கேள்விப்பட்டன். மெய்யா?"

அம்மா உலக்கையை நிறுத்தவில்லை. "நெல்லுக் குத்துற கை எதையும் அறுக்கும் அண்ணன். நீங்க போய் உங்கட வரம்பில நண்டு ஓட்டை போட்டிருக்கா எண்டு பாருங்க."

அம்மா என் பக்கம் நின்றாள் என்பதற்காக இதை எழுதுகிறேன். அடுத்து நடந்ததை அதனால்தான் என்னால் நெடுநாள் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பத்திரத்தில் என் பெயர் சரி. அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாம் சரி. பிறந்த வருடம் மட்டும் 1906. அதன்படி எனக்கு முப்பத்திரண்டு வயது. என் கணக்கில் இருபத்தொன்பது. என் கணக்குக்கு ஆதாரம் இருந்தது. அப்பா எருமைச் சோடி வாங்கிய வருடம் நான் பிறந்தேன் என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். எருமை வாங்கிய ரசீதுத் துண்டு பெட்டியில் கிடந்தது, அதில் 1909 என்று எழுதியிருந்தது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் யாரோ பார்த்தெழுதும்போது ஒன்பதை ஆறாக்கிவிட்டார்கள் என்றே நம்பினேன்.

விண்ணப்பம் ஜூலை முடிவதற்குள் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மத்தியானம் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மை தொட்ட பேனையைக் கையில் பிடித்தபடி ஆறு என்ற அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாலை மேலே மூடினால் எட்டாகும்; முப்பது வயது, அது போதும். பிறகுதான் கண்டேன், அடுத்த வரியில் வருடத்தை இங்கிலீசில் எழுத்தாலும் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதியிராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பிழை என்றால் சாட்சி வைத்துத் திருத்தலாம். சாட்சிக்கு ஆள் இருந்தார். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி ஒழுங்கை முடிவில் குடியிருந்தார். நாங்கள் மாமி என்போம். படிப்பில்லை, ஆனால் எந்த வீட்டில் எத்தனையாவது பிள்ளை கால் முந்தி வந்தது என்பது வரை சொல்லுவார். நான் போனபோது பாக்குச் சீவிக்கொண்டிருந்தார்.

"வா புள்ள. என்ட சோத்தில மண்ணைப் போடப் போறவள் என்னட்டயே வந்திருக்கிறாய்."

"மாமி, நான் பிறந்த வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

"எருமை வாங்கின வருசம்."

"கச்சேரிக் கடதாசியில மூண்டு வருசம் முந்திப் போட்டிருக்காங்க. பிழை எண்டு நீங்க வந்து சொல்லோணும்."

மாமி பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "பிழையில்லகா. அது நீயில்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது மூத்தது. உன்னைப் பெத்த கொம்மாட முதல் பொம்புளப்பிள்ளை. ரெண்டு வருசம் இருந்திச்சு, நல்லா நடந்து திரிஞ்சுது. காய்ச்சலில போயிட்டு. அதுக்கு மறுகாதான் நீ வந்தாய். உன்னைக் கழுவிக் குடுத்த கையோட கொம்மா உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. அதே காப்பு, அதே தொட்டில். போன பிள்ளைதான் திரும்பி வந்திருக்கு எண்டா. நான் என்ன சொல்லுறது?"

"என்னைப் பதியேல்லயா?"

"என்னத்துக்கு? புத்தகத்தில பேர் கிடக்குத்தானே எண்டா. மூத்தது செத்ததையும் பதிய விடேல்ல. ரெண்டு பேர் எண்டு எழுதினா யமன் ரெண்டாவதையும் தேடி வருவானாம். ஒண்டுதான் எண்டு கிடந்தா வந்து எடுத்தாச்சு எண்டு போயிருவானாம்."

இருபத்தொன்பது வருடம் எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. என்னுடையது என்று நினைத்த பெயரே அவளுடையது. கேள்விப்பட்ட அதிர்ச்சியைவிட, அரசாங்கத்தின் கணக்கில் நான் பிறக்கவே இல்லை என்ற பயம்தான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"நீங்க வந்து சாட்சி சொல்லுவீங்களா மாமி?"

"படிச்சு வந்து நீ என்ட வேலையைப் பறிக்கிறதுக்கு நானே வந்து கைநாட்டு வைக்கோணுமாக்கும்." மாமி பாக்குத் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றார். "வைக்கிறன். என்ட கையில ஏந்தினது எத்தனை எண்டு எனக்குக் கணக்கிருக்கு. ஒண்டை ஒளிச்சு வைச்சா எனக்குப் பொறுக்காது. கொம்மாவைக் கேட்டுக்கொள் முதல்."

நான் அம்மாவைக் கேட்கவில்லை. அடுத்த நாள் நேரே பதிவுகாரரிடம் போனேன். அவர் ஓடத்துறைக்குப் பக்கத்தில் தம் வீட்டு முன்னறையிலேயே பிறப்பு இறப்புப் பதிவு செய்து வந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"தங்கச்சி, வயசைக் குறைக்கிறதுக்கு இப்பிடி எத்தனையோ கதை என்னட்ட வந்திருக்கு. செத்துப்போன அக்கா, அதே பேர். கச்சேரியில சிரிப்பாங்க."

"பிள்ளைப்பேறு பாத்தவ சாட்சி சொல்லுவா ஐயா."

"தாய் உயிரோட இருக்கிறா. தாய் சொல்லாம நான் எழுத மாட்டன். மூத்த பிள்ளை செத்த நாளை அவ சொல்லோணும், அதை முதல்ல பதியோணும். அதுக்குப் பிறகுதான் உன்ட பிறப்பு. ரெண்டையும் ஒண்டாக் கச்சேரிக்கு அனுப்பினா ஒருவேளை ஒப்புக்கொள்ளுவாங்க."

ஆனி மாதம் பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து அனலாக அடித்து, முற்றத்தில் காயும் நெல்லின் மேல் தூசியை வாரிக்கொட்டும் காற்று. அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ஆர் சொன்ன உனக்கு?"

"மருத்துவிச்சி மாமி."

"அவளுக்கு வாய் நீளம்." சுளகை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

அடுத்த நாட்களில் நான் விடவில்லை. அவித்த நெல்லை இறக்கும்போது கேட்டேன், சோறு போடும்போது கேட்டேன், கிணற்றடியில் கேட்டேன். நாட்களை எண்ணிச் சொன்னேன்: விண்ணப்பம் போக இத்தனை நாள், கச்சேரிக்கு இத்தனை நாள், மிச்சம் இவ்வளவுதான். அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"எனக்குப் பிள்ளை ஒண்டு. ரெண்டு எண்டு சொல்லாத."

"அம்மா, அது ஒரு புத்தகத்தில எழுதுறதுதான்."

"எழுதாமக் கிடந்தபடியாத்தான் நீ கிடக்கிறாய்."

கடைசியில் ஒரு நாள், காலையிலிருந்தே அவள் ஒன்றும் சாப்பிடாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். என்மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் ஏறிவிட்டது. மத்தியான வெயிலில் நெல்லைக் கிளறிக்கொண்டே சொன்னேன்:

"என்ட பிள்ளைக்குப் பேர் வைக்கேல்ல. பிறந்ததையும் எழுதேல்ல, போனதையும் எழுதேல்ல. எங்கயும் அவன் இல்ல. யமனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

அம்மா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தலைச் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பாதி கிளறிய நெல்லில் அவளுடைய கால் கீறிய வரிகள் இருந்தன. மீதியை நான் கிளறி முடித்தேன். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அதைச் சொன்ன கணத்திலேயே தெரிந்தது. உள்ளே போய் விண்ணப்பத் தாளை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். இனிக் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன்.

மூன்று நாள் விண்ணப்பம் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. நாலாம் நாள் காலை அம்மா குளித்து, வெளுத்த சீலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மருத்துவிச்சியக் கூட்டிக்கொண்டு துறைக்கு வா."

"என்னத்துக்கு?"

"பதிவுகாரரிட்டப் போறன். ஆனா நீ வரப்படாது. நான் அதைச் சொல்லுற நேரம் நீ இந்தக் கரையில நிக்கப்படாது. ஆத்துக்கு அங்கால போய் நில். ஓடம் அங்க முட்டினதை என்ட கண்ணால கண்டாத்தான் நான் வாயைத் திறப்பன்."

நான் மாமியைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். அவர் அன்று கேலி பேசவில்லை. "போகா, சொன்னபடி செய்" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

ஓடத்தில் ஏறினேன். பின்காற்று. கச்சான் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று; ஓடக்காரர் கம்பைத் தொட வேண்டியே இருக்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அம்மா துறையில் வெள்ளையாக நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மாமி. நடு ஆற்றுக்கு வந்தபோது இரண்டு புள்ளிகள். எழுவான்கரையில் ஓடம் முட்டியதும் இறங்கி, அவளுக்குத் தெரியும்படி மணலில் நின்றேன். சற்று நேரத்தில் வெள்ளைப் புள்ளி திரும்பி வீடுகளுக்குள் மறைந்தது.

கண்டல் மரங்களின் ஓரமாக உட்கார்ந்தேன். அவள் போனாள் என்பது தெரியும். சொல்வாளா என்பது தெரியாது. பதிவுகாரரின் மேசைக்கு முன்னால் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பதை நினைத்தேன். "ஒண்டுதான் எனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதையும் நினைத்தேன். அப்படி வந்தால் நான் ஒன்றும் கேட்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிழல் என் காலிலிருந்து நகர்ந்து கண்டல் வேருக்குப் போனது. திரும்பிப் போக ஓடக்காரரைக் கேட்டேன்.

"இந்தக் காத்துக்கு எதிரா இப்ப ஏலாது தங்கச்சி. வெயில் தாழட்டும்."

வெயில் தாழ்ந்தது. ஒவ்வொரு கம்பு ஊன்றலுக்கும் ஓடம் முன்னால் போய்ப் பாதி பின்னால் வந்தது. வந்தபோது ஆன நேரத்தைப் போல நாலு மடங்கு. துறையில் மாமி மட்டும் குந்தியிருந்தார். அம்மா இல்லை.

"சொன்னாவா?" என்று ஓடத்தில் இருந்தபடியே கத்தினேன்.

நான் இறங்க மாமி கை தந்தார். "சொன்னா. மூத்தது போனது ஆடி எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். நான் ஆடி எண்டு சொல்ல, கொம்மா திருத்தினா. ஆனி எண்டா. செவ்வாய்க்கிழமை எண்டா. தேய்பிறை அட்டமி, விளக்கு வைக்கிற நேரம் எண்டா. பதிவுகாரர் பேனையை வைச்சுப்போட்டு அவவையே பாத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருசத்துப் பஞ்சாங்கத்தை மனுசி நெஞ்சில வைச்சிருக்கு."

"பிறகு?"

"பிறகு உன்டதைச் சொன்னா. அது எருமை வாங்கின வருசம் எண்டதோட சரி. நாள் நான்தான் சொன்னன்." மாமி எழுந்து சீலையைத் தட்டினார். "கோவிக்காதகா. உயிரோட நிக்கிற பிள்ளைட நாளை ஆர் எண்ணிக்கொண்டிருக்கிறது?"

வீட்டில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டோம். அன்றைய வரியை எழுதப் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். அப்போதுதான் கண் மேலே போயிற்று. யமனைப் பற்றி நான் அந்த வார்த்தையைச் சொன்ன நாளுக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: "அம்மா சாப்பிடவில்லை. என்மேல் கோபம்." அந்த நாளின் திதியைப் பார்த்தேன். ஆனி, தேய்பிறை அட்டமி.

பெட்டியிலிருந்து பழைய பஞ்சாங்கங்களை எடுத்தேன். பதினொன்று இருந்தன. ஆனித் தேய்பிறை அட்டமி வருடத்துக்கு வருடம் வேறு தேதியில் வரும். அதனால் நான் ஒருபோதும் கவனித்ததில்லை. "அம்மாவுக்கு வயிற்று வலி, சாப்பாடு வேண்டாம் என்றாள்." "அம்மா விரதம், என்ன விரதம் என்று சொல்லவில்லை." "அம்மாவுக்குத் தலையிடி." ஏழு பஞ்சாங்கங்களில் இப்படி இருந்தது. மற்ற நாலில் நான் மழையைப் பற்றியோ நெல்லைப் பற்றியோ எழுதியிருந்தேன். அவள் அந்த நாட்களிலும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

"என்ன புள்ள தேடுறாய்?" என்றாள் அம்மா, குசினி அடுப்படியிலிருந்து.

"ஒண்டும் இல்ல. பழைய கணக்கு."

கச்சேரியிலிருந்து பதில் வர மூன்று வாரம் எடுத்தது. ஒவ்வொரு தபால் நாளும் துறைக்குப் போய் நின்றேன். ஜூலை முடிய ஆறு நாள் இருக்கும்போது இரண்டு பத்திரங்கள் ஒரே உறையில் வந்தன. ஒன்று இறப்பு, ஒன்று பிறப்பு. இரண்டிலும் ஒரே பெயர். பிறப்பை விண்ணப்பத்தோடு சேர்த்து அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒருவர் பத்திரத்தின் ஓரத்தில் பிந்திய பதிவு என்று இருந்ததைச் சுட்டிக்காட்டி ஏன் என்று கேட்டார். "எங்கள் ஊரில் ஆற்றைக் கடப்பது கஷ்டம்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். புரட்டாதியில் கடிதம் வந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

புறப்பட்ட நாளில் காற்று மாறிவிட்டிருந்தது. அம்மா துறைவரை வந்தாள். பெரிய மாமாதான் என் பெட்டியைச் சுமந்து வந்தார். "வரம்புல நண்டு ஓட்டை ஒண்டும் இல்ல" என்று சொல்லிப் பெட்டியை ஓடத்தில் வைத்தார். மாமி வந்து ஒரு பொட்டலம் தந்தார். நல்லெண்ணெயில் ஊறவைத்த பழந்துணி. கொழும்பில் இதெல்லாம் இராது, அவர்களுக்கு வயிறு தடவத் தெரியாது என்றார்.

இறப்புப் பத்திரத்தை எங்கே வைப்பது என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. போகுமுன் அதை அவளுடைய ஓலைக் கொட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. மூத்த பிள்ளையின் காப்பு இருந்த சிறிய பேழைக்குள் போயிருந்தது.

ஓடம் நகர்ந்ததும் அம்மா கூப்பிட்டாள். பெயர் சொல்லி அல்ல. பதிவுகாரரிடம் போய் வந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னை அந்தப் பெயரால் ஒருபோதும் அழைத்ததில்லை.

"புள்ள! அங்க போய் இறங்கின நாளை எழுதி வைச்சுக்கொள்!"

எழுதி வைத்தேன். புதன்கிழமை. முன்னால் காற்று. எழுவான்கரையில் ஓடம் முட்டும்வரை அவள் துறையில் நின்றாள்.